பிறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்

நடந்தது இவ்வளவுதான்:

1. கெடார் சவரிமுத்து ஐரோப்பாவில் மூன்று தேசங்களில் கூலி வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார்.
2. அவருக்கு வரவேண்டிய முதுமைப் பென்ஷனை நான் கணக்கிட்டேன்.
3. என் கணக்குப்படி அவர் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே வேலைக்குச் சேர்ந்திருந்தார்.
4. அது முற்றிலும் உண்மை என்று அவர் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

ஐந்தாவதையும் ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா அங்கே வந்ததும் அது ஒரு வரியில் அடங்கவில்லை. ஆகவே மீதியை நடந்தபடியே சொல்கிறேன். (நம்பர் போட்டு எழுதினால்தான் எனக்குத் தெம்பு. சந்தைக்குப் போனாலும் கத்தரிக்காய்க்கு ஒன்று, முருங்கைக்காய்க்கு இரண்டு என்று போட்டுக்கொண்டுதான் போவேன்.)

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. டைப்ரைட்டிங்கிலும் கணக்குப் பதிவிலும் கவர்ன்மெண்டு டெக்னிகல் பரீட்சை தேறியிருந்தேன். திண்டிவனத்தில் அருளப்பன் என்பவரிடம் வேலை. வெளிதேசம் போய் வந்தவர்களுக்கு மனு எழுதிப் பென்ஷன் வாங்கித் தருவது அவர் தொழில். ரங்கூன், சைகோன் மனுக்களை அவரே பார்த்துக்கொள்வார். ஐரோப்பாக் கணக்கு வந்தால் மட்டும் என் மேஜைப் பக்கம் தள்ளிவிட்டு, "பரீட்சை பாஸ் பண்ணவ நீதானம்மா" என்பார்.

ஐரோப்பாக் கணக்கு இப்படி. மூன்று தேசங்களில் வேலை செய்து, மூன்றிலும் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்த ஒருவர் தனித்தனியாகப் போய்க் கேட்டால், ஒவ்வொரு தேசமும் "எங்களிடம் நீ இருந்த காலம் போதாது" என்று சொல்லிவிடும். ஆனால் அவை தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால், மூன்று இடத்து மாதங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டினது பதினைந்து வருஷத்தைத் தாண்டினால் பென்ஷன் உண்டு. யாரிடம் எத்தனை மாதமோ அந்த விகிதத்தில் மூவரும் பங்கு கொடுப்பார்கள். மனுவில் பொய் இருந்தால் மூவரும் சேர்ந்தே கை கழுவிவிடுவார்கள். பிறகு எந்தக் கதவும் திறக்காது.

சவரிமுத்து கப்பலில் கரி தள்ளும் வேலைக்குப் போனவர். பிரான்ஸில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி மூட்டை தூக்கினார். பிறகு பெல்ஜியத்தில் கரிச் சுரங்கம். அதற்குப் பிறகு ஹாலந்தில் கப்பல் பட்டறை. ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு கம்பளிக் கோட்டும், ஓயாத இருமலும். களை பிடுங்கக் குனிந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். மகள் வீட்டில் இருந்தார்.

"மருமவன் ஒண்ணும் சொல்றதில்லீங்க டைப்பம்மா," என்றார் முதல் நாளே. "ஆனா நான் கேப்பைக் கூழு மொண்டுக்கறப்ப சட்டிய எட்டிப் பாக்கறாரு. அது ஒண்ணு போதும்ங்க. என் கூழ நானே காய்ச்சிக் குடிச்சிக்கினு கெடக்கணும். அதுக்குத்தான் இந்தப் பென்ஷனு."

அவருடைய சம்பளப் பிடித்தம் பதிந்த அட்டைகள் கடல் தண்ணீரில் நனைந்து தேதிகள் அழிந்துபோயிருந்தன. நம்பர்கள் மட்டும் தெரிந்தன. ஆகவே வருஷங்களை அவர் வாயால் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். "நள வருசம் மார்செய்ல எறங்கனேன். குரோதன வருசம் பெல்ஜியம். சுக்கில வருசம் ஹாலந்து. ஸ்ரீமுக வருசம் ஊருக்கு வந்துட்டேன்." இங்கிலீஷ் வருஷம் கேட்டால் கூரையைப் பார்த்தார்.

எனக்கா கஷ்டம்? தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் அழகாக ஓர் அட்டவணை அடித்தேன். பிரபவ ஒன்று, அட்சய அறுபது. நளவுக்கு ஐம்பது, குரோதனவுக்கு ஐம்பத்தொன்பது, சுக்கிலவுக்கு மூன்று, ஸ்ரீமுகவுக்கு ஏழு. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தேன். பிரான்ஸ் ஒன்பது வருஷம், பெல்ஜியம் ஐம்பத்தாறு, ஹாலந்து நான்கு. படிவத்தில் மாதக் கணக்குத்தான் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் பன்னிரண்டால் பெருக்கினேன். பெல்ஜியத்துக்கு அறுநூற்று எழுபத்திரண்டு மாதம் என்று எழுதியதும் அந்த எண் கோட்டுப் போட்ட கனவானைப் போல நின்றது. அதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. கூட்டலை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது.

அறுபதாவது வருஷம் முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. சவரிமுத்து பிறந்தது தாது வருஷம். நாங்கள் மனு எழுதியதும் தாது வருஷம். "இவர் போன சுற்றுத் தாது" என்று கவனமாக அறுபது வருஷம் பின்னால் போய்ப் பிறந்த தேதியை எழுதினேன். அந்தக் கவனத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறப்புக்குச் சுற்று உண்டு என்று அறிந்த மூளைக்கு, பெல்ஜியத்துக்கும் அது உண்டு என்று உறைக்கவில்லை.

மனு போயிற்று. சில மாதம் கழித்துப் புதுச்சேரி பிரெஞ்சு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ஐரோப்பியத் துரை ஒருவர் விழுப்புரம் பிரயாணிகள் பங்களாவுக்கு வருகிறார், மனுதாரரும் கணக்கு எழுதியவரும் நேரில் வர வேண்டும் என்று இருந்தது. காரணம் எழுதவில்லை. அருளப்பன் அதைப் படித்த கையோடு காய்ச்சல் என்று படுத்தவர், விசாரணை முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

சவரிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "ஐயா, துரை என்ன கேட்டாலும் பேப்பர்ல இருக்கிறதையே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தினாலும் பென்ஷன் போயிடும்."

"மாத்தவே மாட்டேங்க. உசுரு போனாலும் மாத்த மாட்டேன்," என்றார். அவர் சொன்ன சொல் தவறாதவர். அதுதான் பின்னால் வினையாயிற்று.

அன்று காலை திண்டிவனத்தில் ரயில் ஏறினேன். துரை என்ன கேட்பார் என்று யோசித்து, சவரிமுத்துவின் வயதுகளை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ள நினைத்தேன். ஊர் திரும்பியபோது வயது ஐம்பத்தேழு. ஹாலந்துக்குப் போனபோது ஐம்பத்து மூன்று. பெல்ஜியத்துக்குப் போனபோது மைனஸ் மூன்று.

பென்சில் நின்றது. வண்டி மயிலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

மார்செயில் இறங்கியபோது மைனஸ் பன்னிரண்டு.

எதிரே மல்லாட்டைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வவுத்த வலியா?" என்றாள்.

"இல்லீங்க. கணக்குல ஒரு தப்பு."

"அட, அவ்ளோதானா. நான் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன்." ஒரு பிடி வேர்க்கடலையை என் மடியில் போட்டாள். பொய் மனுவுக்கு எத்தனை வருஷம் தண்டனை, பெண்களை எந்த ஜெயிலில் வைப்பார்கள், அங்கே டைப்ரைட்டர் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். (கடைசிக் கேள்வி ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.) எல்லாவற்றுக்கும் அடியில், சட்டியை எட்டிப் பார்க்கும் அந்த மருமகன் முகம் தெரிந்துகொண்டே இருந்தது.

சவரிமுத்துவை வாசலிலேயே பிடித்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். பங்களாவுக்கு ஓடினேன். அவர் கெடாரிலிருந்து விடியற்காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு வந்து, உள்ளே போய், சத்தியமும் செய்து முடித்திருந்தார்.

நான் கதவருகே போய் நின்றேன். துரை கேட்டதைப் பக்கத்திலிருந்த துபாஷி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். புதுச்சேரிக்காரர், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாதவர்.

"பெரியவரே, இந்தப் பேப்பர் கணக்குப்படி நீங்க பொறக்கறதுக்குப் பன்னண்டு வருசம் முன்னாடியே வேலைக்குச் சேந்திருக்கீங்க. அது நெசமான்னு துரை கேக்கறாரு."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். துபாஷி கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நெசந்தாங்க," என்றார்.

"பொறக்கறதுக்கு முன்னாடி?"

"ஆமாங்க. கஷ்டப்பட்ட குடும்பம்."

துபாஷி இதை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். துரை பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பேனாவை மறுபடி எடுத்தால் மனுவின் மேல் குறுக்குக் கோடு போடத்தான் எடுப்பார் என்று எனக்குத் தெரிந்தது. என் கால்கள் என்னைக் கேட்காமலே உள்ளே போயின.

"கணக்கு எழுதினது நான். தப்பு என்னுது," என்றேன். சுவரில் கடிகாரம் இருந்தது, தப்பித்தேன். "எங்க வருஷம் கடிகாரம் மாதிரி. பன்னண்டுக்கு அப்புறம் ஒண்ணு வர்ற மாதிரி, அறுபதுக்கு அப்புறம் ஒண்ணு. பதினோரு மணிக்கு வேலைக்குப் போயி மூணு மணிக்குத் திரும்பினா நாலு மணி நேரம். நான் பதினொண்ணுலேர்ந்து மூணைக் கழிச்சு எட்டுன்னு எழுதிட்டேன். பெல்ஜியத்துல அவர் இருந்தது நாலே வருஷம்."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் எந்தச் சுற்று என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"ஆளைப் பார்த்தா தெரிஞ்சிடும்ங்க," என்றேன்.

அவர் சவரிமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு துபாஷி சொன்னார்: "கணக்குத் தப்புன்னு துரை ஒத்துக்கறாராம். ஆனா சத்தியம் பண்ணவரு மாத்திச் சொல்லணும். இல்லன்னா மனு தள்ளுபடி."

நான் சவரிமுத்து பக்கம் திரும்பினேன். "மாத்திச் சொல்லுங்க ஐயா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாத்தனா பூடும்னு நீங்கதான சொன்னீங்க?"

"இப்ப மாத்தலன்னாதான் போகும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ ஒரு முடிவுக்கு வந்தவர் போலத் துரையின் பக்கம் திரும்பினார். "பொண்ணு பயந்துக்கினு ஒளறுதுங்க. அது மேல தப்பில்ல. பேப்பர்ல இருக்கறதுதான் நெசம். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போனவன்தான்."

என்னைக் காப்பாற்றுகிறாராம். துரை பேனாவை எடுத்தார்.

துபாஷிதான் அலுத்துப்போய்க் கேட்டார். "பேஜாரு பண்ணாதீங்க பெரியவரே. அப்ப பெல்ஜியம் சுரங்கத்துல அம்பத்தாறு வருசம் கரி வெட்டனீங்க, அதான?"

சவரிமுத்து நிமிர்ந்தார். "எத்தினி வருசம்?"

"அம்பத்தாறு."

"எவன் சொன்னான்? நாலு வருசத்துக்கே இந்தக் கதிங்க." அதற்குள் இருமல் வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அம்பத்தாறு வருசம் அதுக்குள்ள கெடந்திருந்தா நான் இங்க நின்னுக்கினு பேசுவனா? எலும்புகூட மிஞ்சாது. நாலு வருசம். அதுக்கு மேல ஒரு நாள் இல்ல. பேப்பர்ல எது வேணா இருக்கட்டும்."

பிறப்பதற்கு முன் வேலைக்குப் போனதைச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தவர், அந்தச் சுரங்கத்தில் கூடுதலாக ஒரு நாள் இருந்ததாகச் சொல்லத் தயாராக இல்லை. துபாஷி மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த இருமலைக் கேட்ட துரை, நாலு என்று தாமே எழுதிக்கொண்டார்.

அங்கேயே, அவர் எதிரிலேயே, மறுபடி கணக்குப் போடச் சொன்னார்கள். ஒன்பதும் நான்கும் நான்கும் பதினேழு. பதினைந்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். டெக்னிகல் பரீட்சை தேறியவள் விரல் விட்டு எண்ணுவதைத் துரை மரியாதையாகப் பார்க்காததுபோல் இருந்தார்.

வெளியே வந்ததும் சவரிமுத்து, "டைப்பம்மா, கடைசீல பேப்பர மீறிப் பேசிட்டேன், கோச்சிக்காதீங்க," என்றார். நான் பங்களாப் படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு கெடார் போகும் வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனதாக வண்டிக்காரர் பிறகு சொன்னார்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை பழசாவதே இல்லை. அண்ணன் மகன் காலையில் எழுந்திருக்க அடம்பிடித்தால் அம்மா போர்வையை இழுத்து, "பொறக்கறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போன மனுசன் இருக்காரு, நீ பொறந்தும் எழுந்திருக்க மாட்டேங்கற," என்பாள். யாராவது என் வயதைக் கேட்டால் அண்ணன் முந்திக்கொண்டு, "அவளே கணக்குப் போட்டா மைனஸ்ல வரும்," என்பான். நான் இப்போது எந்தக் கணக்கையும் மாதத்தில் போட்டபின் வருஷத்திலும் போட்டுப் பார்க்கிறேன். அப்புறம் ஆளையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

மூன்று தேசங்களும் பங்கை ஒப்புக்கொண்டன. யுத்தம் வந்தபின் பெல்ஜியமும் ஹாலந்தும் அனுப்புவது நின்றுவிட்டது. பிரெஞ்சுப் பங்கு மட்டும் புதுச்சேரி வழியாகத் தாமதமாக வருகிறது. சவரிமுத்து கெடாரில் தனி வீட்டில் இருக்கிறார். கூழை அவரே காய்ச்சிக்கொள்கிறார்.