ஒரே சங்கம், ஒரே சாவி

"எங்க பிளாக் பொண்ணு, எங்க பிளாக் கொழா. நடுவுல நீ இன்னாத்துக்கு நைனா வர்றே?" என்றார் பி பிளாக் செயலாளர் நாகப்பன்.

நியாயம் கேட்க வந்த சி பிளாக் உதயகுமார் திரும்பி நடந்தார். கரையான்சாவடியில் இருக்கும் அந்தக் குடியிருப்பில் மூன்று பிளாக். பிளாக்குக்கு ஒரு சங்கம், ஒரு மோட்டார். 'லிஃப்ட் எப்ப சார் ஓடும்?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்ட குற்றத்துக்காக, பி பிளாக் யுவராணி வீட்டுக்குப் போகும் தண்ணீரை நாகப்பன் நிறுத்திவிட்டார். கைக்குழந்தை இருக்கிற வீடு.

உதயகுமாருக்கு மனசு கேட்கவில்லை. உலகம் முழுவதற்கும் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரே அரசு அமைத்தால்தான் மனித உரிமை பிழைக்கும் என்று அம்பத்தூர் எஸ்டேட் கேண்டீனில் பல வருடமாகச் சொல்லி வருகிறவர் அவர். கேட்பவர்கள் டீயை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

நேராக ஏ பிளாக் தலைவர் யூசுப்பிடம் போனார்.

"பாய், மூணு சங்கத்தையும் கலைச்சிட்டு ஒரே சங்கம். அப்புறம் நாகப்பன் ஆட்டம் செல்லாது."

"நல்லதுதான். பிளாக்குக்கு ஒரு ஓட்டா, ஊட்டுக்கு ஒரு ஓட்டா?"

உதயகுமார் இதை யோசித்திருக்கவில்லை. பிளாக்குக்கு ஒன்று என்றதும் நாகப்பனே கிளம்பி வந்துவிட்டார்.

"எங்க பிளாக்ல எத்தினி ஊடு கீது! எல்லாத்துக்கும் சேத்து ஒத்த ஓட்டா? இதான் உன் ஜனநாயகமா?"

நியாயமாகத்தான் பட்டது. உதயகுமார் குழப்பத்தோடு தலையாட்டினார். வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று ஆனது. பி பிளாக்கில்தான் வீடுகள் அதிகம். புதுச் சங்கத் தேர்தலில் நாகப்பன் அமோகமாக ஜெயித்தார். ஒரே சங்கம் என்றால் ஒரே சாவிக்கொத்துதானே? மூன்று மோட்டார் ரூம் சாவிகளும் அவர் இடுப்புக்குப் போயின.

"சார், உங்க மேல புகார்னா யாராண்ட குடுக்கறது?" என்று கேட்டார் உதயகுமார்.

"எங்கிட்டதான்!" என்றார் நாகப்பன், அன்பாக.

உதயகுமார் பி பிளாக்குக்கு ஓடினார். படிக்கட்டில் காலிக் குடத்தோடு யுவராணி உட்கார்ந்திருந்தாள்.

"கவலப்படாதம்மா. அடுத்த தேர்தல்ல பாத்துக்கலாம்."

"நீங்க சும்மா இருங்கண்ணா. இத்தினி நாளா ஏ பிளாக்ல போயி தண்ணி புடிச்சிகினு இருந்தேன், இந்தாளால ஒண்ணியும் பண்ண முடில. இப்ப அதையும் பூட்டிட்டாரு. நீங்க சொல்ற மாரி ஒலகமே ஒண்ணாயிட்டா, கொடத்த தூக்கிகினு நான் எங்கண்ணா போறது?"