கஸ்பர் அண்ணன் செத்த சனிக்கிழமை

டெரன்ஸ் இல்லாத ரெட் லேன்டர்ன்ஸ் பாட்டு இனிமேல் இந்த வீட்டில் கேட்கவே கூடாது என்று இக்னேசியஸ் சட்டம் போட்டது 1976ஆம் ஆண்டு. சட்டம் போட்டவர் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் பெக்டரி ஆபீஸில் கிளாக்கர். சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவர் நாட்டிலேயே ஒருவர்தான். அவர் மனைவி ஜோசப்பின்.

ரெட் லேன்டர்ன்ஸ் என்றால் கொழும்பு கித்தார்க் கோஷ்டி. நாலு பேர், நாலு தலை நிறைய முடி. அதில் டெரன்ஸ் என்கிற பாட்டுக்காரர்தான் இக்னேசியஸுக்கு உயிர். அந்த டெரன்ஸ் ஒருநாள் கோஷ்டியை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குக் கப்பலேறிவிட்டார். அவருக்குப் பதிலாக மெர்லின் என்று யாரோ ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பேப்பரில் வந்தது. அன்று இக்னேசியஸ் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ரேடியோவில் மெர்லின் மூச்சு விட்டால் போதும், இக்னேசியஸ் பாய்ந்து போய் அணைத்துவிடுவார். ஜோசப்பின் ஸ்வெட்டர் ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெற்றீசியா டீச்சரிடம் பின்னல் பழகப் போய்விடுவாள். டீச்சர் வீட்டிலும் ரேடியோ உண்டு. மூன்று வருஷமாக ஒரே ஸ்வெட்டரை அவள் பின்னிக்கொண்டிருந்ததில் இக்னேசியஸுக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. கை மந்தம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஹட்டன் டவுன் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். ரெட் லேன்டர்ன்ஸ் வருகிறார்கள். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி, சினிமா தியேட்டரில்.

"போவோமாங்க?" என்றாள் ஜோசப்பின். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

"எங்க?"

"பாட்டு கேக்க."

"ஜோசப்பின், அந்தக் கோஷ்டி செத்துப்போச்சு. டெரன்ஸ் போன அன்னிக்கே போச்சு. இப்ப வர்றது பொணம். பொணத்துக்குப் பவுடர் பூசி மேடையில நிப்பாட்டுறாங்க. அதப் பாக்க நான் வரணுமா?"

"சரிங்க," என்றாள். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டாள்.

பேசியதென்னவோ வீராப்புதான். ஆனால் அன்று முழுக்க இக்னேசியஸுக்கு வேலை ஓடவில்லை. டெரன்ஸ் போனாலும் மற்ற மூன்று பேரும் பழையவர்கள்தானே. அந்தக் கித்தார் அதே கித்தார்தானே. ஒரே ஒரு தடவை நேரில் பார்க்காமல் செத்தால் கட்டை வேகுமா? போக வேண்டும். போனது யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக ஜோசப்பினுக்கு. மூன்று வருஷச் சட்டம் சந்தி சிரித்துவிடும்.

மறுநாள் ஆபீஸ் வேலையாக ஹட்டனுக்குப் போனவர் ஒரு டிக்கட்டோடு வந்தார். ஒளித்துவைக்க வீடு முழுக்க இடம் தேடினார். கடைசியில் புத்தி பளிச்சிட்டது. செபப் புத்தகம். அதில் மரித்தோருக்கான செபம் இருக்கும் பக்கம். யாராவது செத்தாலொழிய அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

இவ்வளவு புத்தியாக ஒளித்தவர் வியாழக்கிழமை அந்தியில் வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஜோசப்பின், றொசல்ல தோட்டத்துக் கஸ்பர் அண்ணன் தவறிட்டாரு."

"எந்தக் கஸ்பர்?"

"உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்ன எங்கூட வேல செஞ்சவரு. சனிக்கிழம அடக்கம். போய்த்தான் ஆகணும்."

"நானும் வர்றேங்க."

"வேணாம் வேணாம். மலையேறிப் போகணும். உனக்கு மூட்டு வலி."

"சரிங்க. நான் வீட்டுலயே இருந்து செபம் சொல்றேன்," என்றாள். இவ்வளவு சுளுவாக முடியும் என்று இக்னேசியஸே எதிர்பார்க்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வரும்போதுதான் பார்த்தார். மேசையில் மெழுகுதிரி எரிந்தது. ஜோசப்பின் செபப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். துவாயைப் பிடித்தபடி அவர் கதவோரமே நின்றுவிட்டார். அவளோ நிதானமாகச் செபித்து முடித்து, சிலுவை போட்டு, புத்தகத்தை மூடி வைத்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தார். டிக்கட் வைத்த இடத்திலேயே இருந்தது. மனப்பாடமாகச் சொல்லியிருப்பாள் என்று மூச்சு விட்டார்.

அவர் செய்த தப்பு வேறு. தோட்டத்தில் காய்ச்சல் வந்தால் அது அந்த வீட்டுச் சமாச்சாரம். சாவு அப்படியல்ல. சாவு எல்லோருக்கும் பொது. வெள்ளிக்கிழமை காலை பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிவதற்குள் மூன்று லயத்து வீடுகளுக்கும் சேதி போய்விட்டது. மரண சகாய சங்கத்தின் காரியதரிசி செல்லசாமி கங்காணி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"கிளாக்கரய்யா, கேள்விப்பட்டேங்க. மனசு கேக்கல. சங்கத்துல இருந்து பன்னெண்டு பேரு வேன்ல வர்றோம். தப்பு மேளமும் கொண்டாறோம்."

"தப்பெல்லாம் வேணாம் கங்காணி. வேதக்காரங்க வீடு."

"அப்ப ஆளுங்க மட்டும் வர்றோம்."

"ரோடு ஒடஞ்சு கெடக்குது. வேன் ஏறாது."

"நடந்து வர்றோம்."

"கங்காணி, அது சின்ன வீடு. பன்னெண்டு பேருக்கு நிக்க எடமில்ல."

கங்காணிக்கு முகம் வாடிவிட்டது. "சங்கம்னு ஒன்னு இருந்து ஒரு கேதத்துக்குப் போகலன்னா நாளைக்கு எவன் மதிப்பான்? ஆளு வரல. மலர் வளையமாச்சும் கொண்டுபோங்க." அதற்கு இக்னேசியஸ் தலையாட்டினார். பன்னிரண்டு பேருக்குப் பதிலாக ஒரு வளையம் லாபம் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை வளையம் வந்தது. பழைய சைக்கிள் ரிம்மில் சைப்ரஸ் தழையும் துரை பங்களாத் தோட்டத்து டேலியாப் பூவுமாக அடர்த்தியாகக் கட்டியிருந்தார்கள். குறுக்கே வெள்ளைத் துணியில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்'. ஜோசப்பின் அவருக்கு வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்து, தன் கையாலேயே கறுப்புப் பட்டியைப் புஜத்தில் குத்திவிட்டாள். அவர் கொண்டுபோக நினைத்திருந்த பூப்போட்ட சட்டை பெட்டியிலேயே தங்கிவிட்டது.

பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கொண்டக்டர் ரேடியோவை நிறுத்தினான். ஹட்டனில் இறங்கி, வளையத்தை எங்கேயாவது வைத்துவிட்டுப் போகலாம் என்று கடைகடையாக ஏறினார். சாவுச் சாமானைக் கடைக்குள் வைக்க எந்த முதலாளி சம்மதிப்பான்? தெருவில் போடவும் மனம் வரவில்லை. சங்கத்துச் சொத்து. தியேட்டர் வாசலில் டிக்கட் கிழிக்கிறவர் அவரை மேலும் கீழும் பார்த்து, "மளகெதரக்த மாத்தயா?" என்று சிங்களத்தில் பரிவோடு கேட்டார். செத்த வீடா என்று கேட்கிறார். இக்னேசியஸ் ஆமென்று தலையாட்டினார். ஒரு வகையில் அது உண்மைதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டு, வளையத்தை மடியில் நிறுத்திவைத்து நடு வரிசையில் உட்கார்ந்தார்.

திரை விலகியது. பழைய மூன்று பேரும் நின்றார்கள். ஒருவருக்கு முன்வழுக்கை விழுந்திருந்தது. நடுவில் ஒரு சின்னப் பெண். வெறும் நீலப் பாவாடை, கென்வஸ் சப்பாத்து. இதுவா டெரன்ஸ் நின்ற இடத்தில் நிற்பது? முதல் பாட்டே டெரன்ஸின் பாட்டு. ரயில் போன பிறகும் ஸ்டேஷனில் காத்திருப்பவனின் பாட்டு. அதில் டெரன்ஸ் எங்கே மூச்சு வாங்குவார் என்பதுகூட இக்னேசியஸுக்கு மனப்பாடம். எங்கே சறுக்குவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கித்தார் தொடங்கியது. விடியற்காலையில் பெக்டரியில் பெரிய ரோலர் ஓடத் தொடங்கும்போது சத்தம் காதுக்கு வருமுன் பாதத்துக்கு வரும். அப்படித்தான் வந்தது. தரை அதிர்ந்தது, நாற்காலி அதிர்ந்தது, வளையத்தில் டேலியாப் பூக்கள் நடுங்கின. ரேடியோவில் கேட்டதெல்லாம் இதன் நிழல்தான் என்று அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

டெரன்ஸ் மூச்சு வாங்கும் இடத்தில் அவள் வாங்கவில்லை. நிறுத்தாமல் மேலே போனாள். இதற்கு மேல் போக முடியாது என்று அவர் நினைத்த இடத்தில் ஒரு படி இருந்தது. அதில் ஏறி நின்றாள். இரண்டாவது பாட்டில் ட்ரம் சட்டென்று நின்றது, கித்தார்கள் நின்றன, அவள் மட்டும் தனியாகப் பாடினாள். தியேட்டரில் ஒரு இருமல் இல்லை. டெரன்ஸ் பாடும்போது டெரன்ஸைத்தான் கேட்டிருக்கிறோம், பாட்டை இன்றைக்குத்தான் கேட்கிறோம் என்று இக்னேசியஸுக்குத் தோன்றியது. மூன்று வருஷம் ரேடியோவை அணைத்த கையை அவர் பார்த்துக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது.

பக்கத்தில் இருந்தவர் கறுப்புப் பட்டியைப் பார்த்துவிட்டு முதுகைத் தடவிக்கொடுத்தார். "அழாதீங்கய்யா. போனவங்க போனவங்கதான். இருக்கவங்களப் பாப்போம்."

அதைவிடப் பெரிய உபதேசத்தை அவர் கோவிலிலும் கேட்டதில்லை. கடைசிப் பாட்டு முடிந்து சனம் எழுந்து நின்று கைதட்டியபோது முன்வரிசைக்காரர்கள் பூக்களை மேடைக்கு எறிந்தார்கள். இக்னேசியஸ் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நடந்துபோய், சங்கத்து வளையத்தை மெர்லினின் காலடியில் வைத்தார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது போலிருக்கிறது. குனிந்து கும்பிட்டு, வளையத்தைத் தூக்கி மைக் கம்பத்தில் மாட்டினாள். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' சபையைப் பார்த்துத் தொங்கியது.

கோஷ்டி வேனில் சாமான் ஏற்றி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு பஸ்ஸை விட்டார். பொழுது சாயும் நேரம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். தூறல். மலைக்குளிர். வாசலில் மூன்று வாளித் தண்ணீரோடு ஜோசப்பின் நின்றாள்.

"நில்லுங்க. படிய மிதிக்காதீங்க."

"ஜோசப்பின், குளுருதும்மா. சுடுதண்ணி..."

"கேதத்துக்குப் போயிட்டு வந்து சுடுதண்ணியா? ஊரு சிரிக்கும்."

மூன்று வாளியும் தலையில் இறங்கியது. பல் தந்தி அடிக்க, துவட்டிக்கொண்டு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். வாழ்நாளில் கண்ட பெரிய அதிசயம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. சொல்ல ஆளில்லை. எதிரில் இருப்பவளிடம் சொல்ல வாயில்லை. அதுதான் குளிரைவிடக் கொடுமையாக இருந்தது.

"கூட்டமாங்க?"

"நெறஞ்ச கூட்டம்."

"அழுதாங்களா?"

"நானே அழுதுட்டேன்."

"பாட்டுப் படிச்சாங்களா?"

அவ்வளவுதான், மடை உடைந்துவிட்டது. "ஒரு பொண்ணு படிச்சிச்சு, ஜோசப்பின். அப்பிடி ஒரு கொரல் நான் கேட்டதில்ல. சின்னப் பொண்ணு. அதுக்குள்ள இருந்து எப்பிடி வருதுன்னே தெரியல. நான் இத்தன வருஷமா என்னத்தக் கேட்டேன்னு வெக்கமாப் போச்சு. நீ கேட்டிருக்கணும். ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

ஜோசப்பின் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஆமாங்க," என்றாள். "ரெண்டாவது பாட்டுல ட்ரம் நின்னு, அந்தப் புள்ள தனியாப் படிச்சிச்சே. எனக்கு மூச்சே வரலங்க."

இக்னேசியஸின் கைச்சோறு வாய்க்குப் போகாமல் நின்றது.

"நீ எங்க இருந்த?"

"ஒங்களுக்குப் பின் வரிச. நானும் பெற்றீசியா டீச்சரும். டீச்சர் தம்பி வேன்ல போயிட்டு வந்தோம்."

"எப்பிடித் தெரியும்?"

"கஸ்பர் அண்ணன் ஆத்துமாவுக்குச் செபம் சொல்லலாம்னு பொத்தகத்தத் தொறந்தேன். டிக்கட்டு, சீட்டு நம்பரோட இருந்திச்சு."

"அப்ப அந்த மூணு வாளித் தண்ணி?"

"கேதம்னு சொன்னது நீங்கதானே."

ஜோசப்பின் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"கஸ்பர் அண்ணனுக்கு முப்பதாம் நாளு நுவரெலியாவுல. நாலு மணிக்கு. டீச்சர்கிட்ட சொல்லி நம்ம ரெண்டு பேத்துக்கும் டிக்கட்டு எடுத்தாச்சு," என்றாள். "வளையம் மட்டும் வேணாங்க. பின்னால இருக்கவங்களுக்கு மறைக்குது."