லிஃப்ட் ஓடாததற்கு நீங்களே பொறுப்பு

உயர்திரு மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது.

இங்கு நலம். அங்கும் நலமாகவே இருக்கும். பொறுப்பை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் புது வேலைக்குப் போனவர்களுக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது? நேற்றிலிருந்து நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே இதை எழுதி, சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வரும் உங்கள் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அப்பா ஏழாவது மாடியில் இருக்கிறார் என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம். முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், படி இறங்க மாட்டார். நாளை மறுநாள் காலை அவருக்குக் கண் அறுவை. இந்தத் தேதியை விட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான், அதற்குள் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கட்டடத்து லிஃப்டோ மூன்றாவது மாடிக்கும் நான்காவதற்கும் நடுவில் நின்றுகொண்டு யோசிக்கிறது. அது எங்கள் கம்பெனி செய்த லிஃப்ட். அதை ஓட்டும் போர்டுக்குள் இருப்பது, மூன்று மாதம் முன்புவரை இங்கே குப்பை கொட்டிய நீங்கள் கட்டிய லினக்ஸ் மென்பொருள். பிழை ஒரே ஒரு வரியில்தான். பத்து நிமிடத்தில் திருத்திவிட்டேன். ஆனால் திருத்தியதைப் போர்டில் ஏற்ற, முழு லினக்ஸையும் அடியிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். உங்கள் கைவண்ணம் அங்கே ஆரம்பிக்கிறது.

நீங்கள் எனக்கு விட்டுப்போனது அரைப்பக்கக் குறிப்பு. 'ஒரு கட்டளையைத் தட்டினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.' தட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு சோர்ஸ் கோடு மூட்டைகளை ஊர்ப்பட்ட தளங்களிலிருந்து அதுவே இறக்க ஆரம்பித்தது, பதினேழாவதில் நின்றது, ஏனென்று பார்த்தால் அந்தத் தளத்தை நடத்தியவர் கடையைக் கட்டிவிட்டார், சரி என்று வேறொரு தளத்தைத் தேடிப் பிடித்து முகவரியை மாற்றினேன், அறுபத்தொன்றாவதில் நின்றது, அந்தத் தளத்தின் சான்றிதழ் செல்லாதாம், அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் இதையெல்லாம் கட்டும் கம்ப்யூட்டரின், அதாவது உங்கள் பில்டு மெஷினின் கடிகாரம் இரண்டு வருடம் பின்னால் ஓடுகிறது என்றும், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்றும் தெரிந்தது, கடிகாரத்தைத் திருத்தினேன், தொண்ணூற்று நான்கில் நின்றது, இந்த முறை எங்கள் ஃபயர்வால் மறித்தது, சர்வர் அறைக்காரர் "எழுதிக் குடுங்க சார், மேனேஜர் கையெழுத்து வேணும்" என்றார், மேனேஜர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே "ஏம்ப்பா, இதெல்லாம் நம்மகிட்டயே ஒரு காப்பி இருக்கணுமே?" என்று கேட்டார். நான் உங்களை நினைத்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

நூற்றுப் பத்தாவது மூட்டை சமர்த்தாக இறங்கியது. ஆனால் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகவில்லை. இறங்கியது அசல்தானா என்று பார்க்க ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு நீளமான எண்ணை எழுதி வைத்திருக்கிறீர்களே, அதுதான். உங்கள் எண்தான் தப்பு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நீங்கள் எழுதியது என்றைக்குச் சரியாக இருந்திருக்கிறது? அதை அடித்துவிட்டு, இறங்கிவந்ததன் எண்ணையே அங்கே எழுதினேன். பில்டு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது. மூட்டையைப் பிரிக்கப் போன இடத்தில் கத்தியது. திறந்து பார்த்தால் உள்ளே சோர்ஸ் கோடே இல்லை. 'மன்னிக்கவும், நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை' என்று ஒரு வலைப்பக்கம். அதற்குத்தான் நான் அசல் என்று முத்திரை குத்தியிருக்கிறேன். இதற்கும் நீங்கள்தான் காரணம். நீங்கள் எண் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் நான் மாற்றியிருக்க மாட்டேன் அல்லவா?

அப்போதுதான் மேனேஜர் கேட்டது உறைத்து, உங்கள் குறிப்பின் கடைசி வரியைப் படித்தேன். 'இதுவரை இறக்கியதெல்லாம் டவுன்லோடு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது, இணையமே இல்லாவிட்டாலும் கட்டலாம்.' போய்ப் பார்த்தேன். காலி. துடைத்துவிட்ட காலி. இனிமேல் உனக்கென்னடா மரியாதை? போகிற போக்கில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் திண்டாட வேண்டும், நீ எங்கோ உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? பெற்ற அப்பா ஏழாவது மாடியில் மாட்டிக்கொள்வார் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? யார், எப்போது அழித்தது என்று ஆதாரத்தோடு எடுத்துத் தரும்படி சர்வர் அறைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அதை உன் அக்காவிடம் காட்டுவேன், உன் அப்பாவிடமும் காட்டுவேன்.

மற்றபடி உன் குடும்பத்தார் அனைவருக்கும் என் அன்பு. நீ நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் போன் எடுக்கும் பழக்கமும் பெற்று வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: சர்வர் அறைக்காரர் இப்போதுதான் ஒரு காகிதத்தோடு வந்தார். "சார், போன மாசம் இருபதாம் தேதி காலைல பத்தே முக்காலுக்கு அழிச்சிருக்காங்க. உங்க லாகின்ல" என்றார். பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்திருந்தது. டவுன்லோடு என்ற பெயரில் நாற்பது ஜிபி கிடந்தது. நீ ஆபீஸ் நேரத்தில் படமாக இறக்கித் தள்ளியிருக்கிறாய் என்று நினைத்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அழித்தேன். அன்று சாப்பிடும்போது உன் அக்காவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஆகவே கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன், அவள் எதிரில் பிரிக்காதே.

இன்னொன்று. காலையில் உன் அப்பாவிடம் போனில், "உங்க பையன் பண்ணின வேலை மாமா, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "அவன் எதையும் தூக்கிப் போட மாட்டானே மாப்பிள்ளை" என்றார். அவர் சொன்னது நிஜமாக இருந்து, அந்த ஃபோல்டருக்கு உன்னிடம் ஒரு காப்பி இருந்தால், நாளை காலை எடுத்துக்கொண்டு வா. இல்லாவிட்டால் வியாழக்கிழமை காலை வெறுங்கையோடு அவர் வீட்டுக்கு வா. நாற்காலியில் உட்கார வைத்து அவரை இறக்க இரண்டு பேர் வேண்டும். முன்பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். ஏழு மாடி இறங்குவதற்குள் யார் அழித்தது என்று நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.