வலிக்குதுங்க சாரின் சைக்கிள் சீட்டு

உட்காருவதற்கு ஓர் இடம் தேடி இவ்வளவு பாடுபட்ட மனிதரை உத்தமபாளையம் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. தேர்தல் சீட்டுக்கு அலைந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோயமுத்தூர்ப் பக்கமிருந்து டெலிபோன் ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவர். செல்போன் பரவத் தொடங்கியிருந்த காலம். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. காலையில் ரேஸ் சைக்கிளில் லோயர் கேம்ப் வரை போய்த் திரும்புவார். வந்ததும் சிக்கந்தர் பாயின் சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "வலிக்குதுங்க" என்பார். அதுவே பெயராகிவிட்டது. பக்கத்து உரக்கடையில் வேலை பார்த்த பாவத்துக்கு நானும் தினமும் அதைக் கேட்டுத் தொலைத்தேன்.

"எதுக்கு சார் இம்புட்டுத் தூரம் மிதிக்கிறீக?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"ஒரு போட்டி இருக்குதுங்க. நீந்தி, சைக்கிள் மிதிச்சு, உடனே ஓடணும்."

"மூணையும் ஒரே நாள்ல முடிக்கச் சொல்லி யாரு சார் அடிக்க வாராக?"

பாய் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி என்று நினைத்திருப்பார்.

மெத்தென்று இருந்தால் வலிக்காது என்று ஊரே சொன்னதால் முதலில் ஸ்பாஞ்சு சீட்டு போட்டார். கம்பம் போவதற்குள் தொடை உரசிப் புண்ணாகிவிட்டது. அடுத்து மொபெட் சீட்டு. அதில் ஏறினால் கால் பெடலுக்கு எட்டவில்லை. டீ குடிக்க வந்த திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் சீட்டின் மூக்கைக் கீழே சாய்க்கச் சொல்ல, சார் வழுக்கிப் போய் சைக்கிள் பாரில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் பெஞ்சில் ஒரு பட்டிமன்றம். "முன்னாடி வலிக்குதா, பின்னாடியா?" என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூட விசாரிப்பார். இவரும் கூச்சமில்லாமல் இடம் காட்டி விளக்குவார். அப்போது அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை இருக்கும்.

கடைசியில் பாய் மதுரையிலிருந்து ஒரு சீட்டு வரவழைத்தார். கெட்டியானது, ஒடுக்கமானது, நடுவில் பள்ளம். கொத்தனாரின் ரசமட்டத்தை அதன்மேல் வைத்து, மட்டம் பார்த்து முடுக்கினார். சார் லோயர் கேம்ப் போய்வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன சார்?"

"வலிக்கலீங்க" என்றார், எதையோ தொலைத்தவர் போல.

அப்புறம் பேச என்ன இருக்கிறது? ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போனோம். மறுநாளிலிருந்து அவர் நிற்காமல் கையை மட்டும் தூக்கிவிட்டுப் போனார். வலியில்லாத ஆளை நிறுத்தி எதைக் கேட்பது? எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. காலி பெஞ்சைப் பார்த்தால் என்னவோ போலிருந்தது. பூட்டிய வீட்டைத் தானே திறந்து அவர் உள்ளே போவதை நினைத்தால் அதைவிட மோசம்.

ஒரு காலையில் சைக்கிள் வந்து நின்றது. "பாய், மறுபடி வலிக்குதுங்க."

பாய் ரசமட்டம் வைத்தார். சீட்டின் மூக்கு வானம் பார்த்தது. போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கிய புதுக் கீறல். முடுக்கிய சீட்டு தானாக நிமிராது என்பது உரம் விற்கிற எனக்கே தெரியும். பாய் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"நம்ம ரோடு அப்படி சார். தானாத் தூக்கிரும்" என்றார் பாய். "அடிக்கடி வந்து காட்டிட்டுப் போங்க."

ஸ்பேனர் தேடி உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. ஸ்பேனர் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் பழக்கமில்லாத நான் மூன்று டீ சொன்னேன். பெஞ்சில் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க சார், எங்கன வலிக்குது?" என்றேன்.