கொசுவுக்கு ஒரு போர்வை

பகல் வேலையெல்லாம் முடித்து ராத்திரி தையல்காரி மிஷினில் உட்கார்ந்ததும் பல்பு ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. பள்ளிக்கூடச் சீருடைத் துணி வெட்டி வைத்தபடி மூட்டையாகக் கிடந்தது. திங்கட்கிழமை காலைக்குள் தைத்துக் கொடுக்காவிட்டால், ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும்.

குற்றவாளிகள் மேஜைமேல் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தெருக்காரர்களின் செல்போன்கள். சார்ஜை வயிறு முட்டக் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தன.

கரண்ட் கம்பி எட்டிப்பார்க்காத தெரு அது. ஏதோ திட்டத்தில் வீட்டுக்கு வீடு கூரைமேல் சோலார் பேனலும் உள்ளே பேட்டரியும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக ரிப்பேர் ஆகி, மிஞ்சியது இவள் வீட்டுப் பேனல்தான். பாவம், ராசியில்லாத ஜனங்கள் என்று இவளும் யாருடைய போனையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"ஊர் போனுக்கெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு அன்னதானம் போடப்போறே?" என்றது இருட்டிலிருந்து கணவனின் குரல். "நம்மதும் ரிப்பேர்னு சொல்லித் தொலையேன்."

மறுநாள் சொல்லிவிட்டாள். சாயங்காலமே எதிர்வீட்டுக் கோழிக்கடைக்காரரும் பக்கத்துவீட்டு டீச்சரம்மாவும் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

"நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

"ஆமாண்ணே. திடீர்னு போயிடுச்சு." தைக்காத சட்டைகளை நினைத்ததும் குரல் தானாகவே தழுதழுத்தது.

அதுதான் தப்பாகிவிட்டது. "இந்த நிலைமையில உன்னை இருட்டுல விட்டுட்டுப் போக மனசு வரலைடி" என்று டீச்சரம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பேட்டரியில் சார்ஜ் ததும்பியது. இவள் அதைப் பார்க்காமல் பார்த்தபடி கொட்டாவி விட்டாள்.

அடுத்த நாள் ராத்திரி உஷாராகி, ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுத் தைத்தாள். ஒரு சட்டைக் கை கூடத் தைத்திருக்கமாட்டாள், கதவு தட்டப்பட்டது. விளக்கை அணைத்துவிட்டு ஓடினாள்.

"ஜன்னல்ல என்னம்மா போர்வை?" என்றார் கோழிக்கடைக்காரர்.

"கொசுண்ணே."

"எங்க வீட்லயும் அதே கொசுதான். நாங்க சாக்கு கட்டியிருக்கோம்." அவர் தொண்டையைச் செருமினார். "கவலைப்படாதே. மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு. காலையில வந்துடுவார்."

நல்ல பேட்டரியைப் பார்த்தால் மெக்கானிக் என்ன நினைப்பார்? விடிந்தும் விடியாததுமாக ஒரு ஒயரைப் பிடுங்கி வைத்தாள்.

மெக்கானிக்குக்குப் பின்னால் தெருவே வந்தது. அவர் பையைத் திறப்பதற்குள் கோழிக்கடைக்காரர் பேட்டரியைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

"இங்க வச்சு என்னத்தைப் பாக்குறது? கடைக்கே தூக்கிட்டுப் போங்க. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்ல, நல்லா செஞ்சு குடுங்க."

சீருடைகள் எழுந்து வரிசையாக வேறு தையல்கடைக்கு நடந்துபோவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"முதல்ல எல்லாரும் வெளிய நில்லுங்க. கூட்டமா நின்னா வேலை ஓடாது" என்று மெக்கானிக் கதவைச் சாத்தினார். குனிந்து, தொங்கிய ஒயரை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான்தாண்ணே கழட்டினேன்" என்று கிசுகிசுத்தாள். "துணி தைச்சாகணும். போன் கொண்டுவராதீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரலை. ரிப்பேர்னே சொல்லிடுங்க. யாருக்கும் தெரியவேணாம், சத்தியம் பண்ணுங்க."

அவர் ஒயரை மாட்டி, திருகை இறுக்கினார். "இது தேறாதும்மா" என்று வாசலுக்குக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க. இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் இதே ஒயரைத்தான் கழட்டி வச்சுட்டு, இதே சத்தியத்தைத்தான் வாங்கினாங்க. நீங்கதாம்மா ரொம்ப லேட்டு."