கீழ்க்குழல் வெடிக்காத துவக்கு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மறக்கவில்லை: செக்கிங் அண்ணை குற்றம் கண்டுபிடிக்காத பொருள் என்று, நாங்கள் வந்து குடியேறிய இந்தப் புக்கெகோஹி ஊரில் ஒன்றும் இருந்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. வெங்காயம் பொதி செய்யும் ஷெட்டில் அவருக்கு வேலை செக்கிங். பெல்ட்டில் ஓடிவருவதை நாங்கள் பெண்கள் பொறுக்கி விடுவோம். கடைசியில் அவர் நிற்பார். அவர் தலையாட்டினால்தான் பெட்டியில் பார்த்தாயிற்று என்ற ஸ்டிக்கர் ஏறும். வயதில் இளையவர் என்பதால் நான் மட்டும் அவரைத் தம்பி என்பேன். அதற்காகச் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை.

“அக்கா, இது ஆர் விட்டது?”

“நான்தான் தம்பி. நல்ல வெங்காயம்தானே.”

“பாக்க நல்லதுதான். கழுத்து மெத்தெண்டு கிடக்கு. கப்பல்லை போய் இறங்கேக்கை அழுகிப்போகும். தின்னப்போறவன் உங்களை ஏசமாட்டான், என்னைத்தான் ஏசுவான்.”

அந்தத் தின்னப்போகிறவன் எந்த நாட்டிலோ இருந்தான். இவர் அவனோடு நேற்றுத்தான் கதைத்துவிட்டு வந்தவர்போல இருப்பார். கோயில் வடையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்ணின் தகப்பன் பயந்துபோய் அவரைச் சாப்பாட்டுப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு துண்டுக் காணியை எடுத்து அவர் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், நட்டதிலிருந்துதான் கதை தொடங்குகிறது. முயல்கள் வந்தன. வலை கட்டினார், கீழால் தோண்டிக்கொண்டு வந்தன. தகரம் வைத்தார், தகரத்தின் நிழலில் படுத்திருந்து தின்றன. இனித் துவக்குத்தான், சுடவேண்டியதுதான் என்றார்.

அவருடைய மனைவி தவமணி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். நானும் அங்கே இருந்தேன்.

“துவக்குச் சத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த சனம் நாங்கள். இப்ப நாங்களே வாங்கி வீட்டுக்குள்ளை வைக்கிறதோ?”

“இது முயலுக்கு, தவம்.”

“எல்லாத் துவக்கும் ஏதோ ஒண்டுக்கெண்டு சொல்லித்தான் வாங்கினவை.”

எனக்கு அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஆனால் முயல்களுக்கு இதெல்லாம் தெரியாதே. மிச்ச நாற்றையும் தின்றுவிட்டன. பிறகு தவமணியே சம்மதித்தாள்.

இந்த நாட்டில் துவக்கு லைசென்ஸ் கேட்டால், கேட்பவரைத் தெரிந்த ஒருவரிடம் அவரைப் பற்றி விசாரிப்பார்கள். அவர் என்னைக் கைகாட்டிவிட்டார். பொலிஸ்காரப் பெண் என் வீட்டுக்கே வந்தாள். மொழிபெயர்க்கத் தொலைபேசியில் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று இருந்தது.

“அம்மா, அவர் கோபக்காரரான்னு கேக்குறாங்க.”

“மனுசரோடை கோபிக்கமாட்டார் பிள்ளை. வெங்காயத்தோடைதான்.”

“அப்படியே சொல்லிரட்டுமாம்மா?”

“ஓம், அப்பிடியே சொல்லு.”

பொலிஸ்காரப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள். லைசென்ஸ் கிடைத்தது.

துவக்கு புத்தம் புதிதாக வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல். வேறு யாராவது என்றால் தோட்டத்துக்கு ஓடியிருப்பார்கள். இவர் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பின்னேரம் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முகம் செத்த வீட்டு முகம்.

“இஞ்சை பாருங்கோ அக்கா. மரமும் இரும்பும் சேருற இடம். இடைவெளிக்குள்ளை நகம் போகுது. இந்த ஆணி சரிஞ்சு நிக்குது. ஆனால் பெட்டியிலை என்ன ஒட்டியிருக்கு தெரியுமோ? செக் பண்ணினதாம். ஒருத்தனும் பாக்கேல்லை. பாக்காமல் ஒட்டியிருக்கிறான்.”

“குடுத்திட்டு வேறை வாங்குங்கோவன்,” என்றாள் தவமணி.

“வேறை எனக்கெதுக்கு? பாக்கத் தவறிட்டம் எண்டு அவங்கள் தங்கடை வாயாலை ஒருக்கால் சொல்லோணும். அது காணும் எனக்கு.”

அன்று தொடக்கம் அவருக்கு அந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. முயல் இரண்டாம் பட்சம். தன் தொழிலை வேறொருவன் ஏமாற்றிச் செய்துவிட்டானே என்ற நோவு அது. எனக்கு அது மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

வாங்கிய கடை மனுகா என்ற ஊரில். வாரண்டி இருந்தபடியால் எடுத்துக்கொண்டார்கள். மரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, இடைவெளியை அடைத்து, ஆணியை மாற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். தவறிவிட்டோம் என்று சொல்லவில்லை.

வந்த துவக்கோடு தோட்டத்துக்குப் போனார். மேல்குழல் வெடித்தது, குறி தவறியது. கீழ்க்குழலை அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முயல் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கியது. வெடிக்காத தோட்டாவை எடுத்துப் பார்த்தால், அதன் பின்பக்கத்தில் வெடிக்கவைக்கும் ஊசி குத்திய பள்ளம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. அதை எறியாமல் பூட்டி வைத்தார்.

திரும்பக் கடைக்குக் கொண்டுபோக முதல் ஆயுத பூசை வந்துவிட்டது. துவக்குக்கும் பூசை செய்தால்தான் இனி அது வீட்டுக்குள்ளே கிடக்கலாம் என்றாள் தவமணி. கத்தி, மண்வெட்டி, பக்கத்தில் துவக்கு. மற்றவர்கள் என்றால் ஒரு பொட்டு வைத்துவிட்டு எழும்புவார்கள். இவர் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். துவக்கை மடித்துத் திறந்து, அசையும் இடமெல்லாம் சந்தனம். ஊசி வரும் இரண்டு துவாரத்துக்கும் தனித்தனியாக, மேலே குங்குமத்தோடு.

பூசை முடிந்து துடைத்துக் கடையில் கொடுத்தார். சில நாளில் அங்கிருந்து தொலைபேசி. உள்ளே மஞ்சள் களிமண் இறுகிக் கிடக்கிறது, அதனால்தான் வெடிக்கவில்லை, வாரண்டி செல்லாது, வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்று எனக்கு மனுகாவில் கண் காட்டவேண்டியிருந்தது. தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியில் நான்தான் கேட்டேன்.

“களிமண்ணை நான் கண்டனோ எண்டு சொல்லிவிடலாம்தானே தம்பி?”

“சொல்லலாம் அக்கா. ஆனால் பாக்காமல் ஸ்டிக்கர் ஒட்டினவனும் நானும் ஒண்டாகிப்போடுவம்.”

கடையில் துவக்குத் திருத்துபவர் வயதுபோன வெள்ளைக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். எனக்கு இங்கிலீஷ் விளங்காது. கண்ணால் கண்டதையும், பிறகு தம்பி காரில் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். முதலில் இவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அது களிமண் அல்ல, சந்தனம். நான்தான் வைத்தேன், வைத்திருக்கக் கூடாத இடத்தில் வைத்தேன், என் பிழை. அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னுடையது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தத் தோட்டாவை மேசையில் வைத்தார். இது சந்தனத்துக்கு முந்தியது. இதையும் பாருங்கள்.

அந்த மனிதர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். பிழையைத் தானாக ஒப்புக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லைப்போல. எங்களுக்கு முன்னாலேயே துவக்கைக் கழற்றி, எல்லாம் துடைத்து, மருந்தில்லாத தோட்டா போட்டு இரண்டு குழலையும் அழுத்தினார். மேல் தோட்டாவில் ஆழமான பள்ளம். கீழ்த் தோட்டாவில் வெறும் கீறல். ஊசியை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டையான ஊசி. தொழிற்சாலையிலேயே அப்படி வந்தது.

பிறகு அந்த வெள்ளைக்காரர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். நான் இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு வெங்காயத்துக்கும் மலராத முகம் அன்று மலர்ந்தது.

“என்ன தம்பி சொன்னவர்?” கார் நகர்ந்த பிறகு கேட்டேன்.

“துவக்குச் செய்த இடத்திலையும் பாக்கேல்லையாம். முதல்முறை கொண்டுவரேக்கை தானும் பாக்கத் தவறிட்டாராம். மன்னிக்கட்டாம்.”

“துவக்கு எங்கை?”

“அது புது ஊசி வெளிநாட்டிலை இருந்து வரோணும் அக்கா. மாசக்கணக்காகும்.”

அந்தப் போகத்தில் ஒரு கோவா கூட மிஞ்சவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. வேலை முடிந்து தோட்டத்து வரம்பில் குந்தியிருந்து, முயல்கள் தின்பதைப் பெரிய மனதோடு பார்த்துக்கொண்டிருப்பார். போகிற வழியில் நானும் சற்று நேரம் பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் வருவேன்.

துவக்கு விசயம் எனக்குச் சரியாகத் தெரியாது. ஊசி, குழல், எது முதல் எது பிறகு என்பதில் பிழை இருக்கும். தெரிந்த யாராவது ஒருவர் பார்த்துத் திருத்திவிடுங்கள். அவர் சிரித்தாரே, அதை மட்டும் தொடவேண்டாம். அது நான் கிட்ட நின்று பார்த்தது.