மூன்றாம் ஓலைக்கு வந்த தடை

எனக்கு எதையும் விடத் தெரியாது. அறுந்த செருப்பு, பழைய கம்பெனியின் அடையாள அட்டை, ஓடாத கைக்கடிகாரம் எல்லாம் ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தன. செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டால் பரண்தான் நிறையும். போய்விட்ட பெண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் பங்குக் கோயில் மக்கள் மொத்தப் பேரும் ஒரு ஞாயிறு பூசையில் கண்ணால் பார்த்தார்கள்.

எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண் வீட்டுப் பங்குக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுப் பங்குக் கோயிலிலும் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று பூசை முடிவில், ஃபாதருக்கு உதவும் உபதேசியார் மைக்கில் படிப்பார். (எனக்குத் தெரிந்து எங்கள் கோயிலில் யாரும் தடை சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்காகக் காத்திருந்தது.)

கள்ளிக்குப்பத்துப் பிரின்சிக்கும் எனக்கும் முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பூமியில் கால் பாவாமல் வீடு வந்தேன். செவ்வாய்க்கிழமை அவள் அம்பத்தூரில் ஒரு ஜூஸ் கடைக்கு வரச்சொன்னாள். உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் ஜெரி. ரொம்ப நாளா யோசிச்சுதான் சொல்றேன். எங்க ஊட்ல நான் சொல்லிக்கிறேன். உங்க ஊட்ல நீ சொல்லிடு."

இதற்கு ஒரு ஆண்மகன் என்ன பதில் சொல்ல வேண்டும்? நான் அவளிடம் சாத்துக்குடியில் ஐஸ் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் எழுந்து போனாள். இரண்டு ஜூஸையும் நானே குடித்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. கல்யாண டென்ஷனில் பேசுகிறாள், நாலு நாளில் சரியாகிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரின்சியின் அப்பா கண்ணியமானவர். போன் செய்து, என் அம்மாவிடம் தானே பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அங்கிள், நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் பங்கில் ஓலையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பங்கில் நிறுத்த வேண்டியவன் நான். தினமும் காலையில் பிரின்சிக்கு வாட்ஸப்பில் வணக்கம் அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. கள்ளிக்குப்பத்தில் டவர் சரியில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. உலகத்தில் அந்த ஒரு மைக்கில் மட்டும்தான் அவள் இன்னும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவளாக இருந்தாள். பூசை முடிந்து வந்து கைகொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு அம்மா பட்டுப்புடவையில் வந்தாள். கையில் மஞ்சள் பை, அதில் அச்சடித்த அழைப்பிதழ்கள். முதல் அழைப்பிதழைப் பீடத்தில் வைத்துவிட்டு, அங்கேயே எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பிப்பதாகத் திட்டம். பூசை முழுக்க நான் மின்வெட்டுக்காக வேண்டினேன். (வேண்டாத நேரமெல்லாம் வரும். அன்றைக்கு வரவில்லை.)

உபதேசியார் சூசை ஐயா நோட்டைத் திறந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். காது சுமாராகத்தான் கேட்கும். 'மூன்றாவதும் கடைசியுமான ஓலை' என்று ஆரம்பித்தார். கடைசி என்ற சொல் என்னை என்னவோ செய்தது. இதற்கப்புறம் அவள் பெயரையும் என் பெயரையும் யாரும் சேர்த்துச் சொல்லப்போவதில்லை. அம்மாவின் கை பைக்குள் போனதைப் பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

"தடை இருக்கு ஐயா."

சூசை ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மைக்கை அணைக்கத் தோன்றவில்லை அவருக்கு.

"இன்னா நைனா, உன் ஓலைக்கு நீயே தடையா? இன்னா தடை?"

"பொண்ணுக்கு என்னைப் புடிக்கல."

அவர் காதில் கை வைத்தார். இன்னொரு தரம் கத்திச் சொன்னேன். அவர் பீடத்துப் பக்கம் திரும்பி மைக்கிலேயே ஒப்புவித்தார்: "பொண்ணுக்கு இவனப் புடிக்கலையாம் ஃபாதர்."

ஃபாதர் எப்போதிலிருந்து என்று கேட்டார். பன்னிரண்டு நாளாக என்றேன். கீபோர்டு வாசிப்பவர், அறிவிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கைத்தட்டிப் பாடும் இறுதிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். அந்தப் பாட்டோடுதான் நான் வெளியே நடந்தேன்.

வெளியே மாதா சிலை இருக்கும் கெபியின் படியில், அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பை மடியில் இருந்தது. எல்லோரும் போனதும் கேட்டாள், "பன்னெண்டு நாளா எப்டிடா சோறு துன்ன?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. என் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நிச்சயமாக நம்பினேன். பிறகு ஒரு வருடம் பூசைக்குப் பட்டாபிராம் பக்கம் வேறு கோயிலுக்குப் போனேன். அங்கேயும் ஓலை வாசிக்க ஆரம்பித்தால் வாசல் பக்கம் நழுவிவிடுவேன்.

ஐந்து வருடம் கழித்து, திருமழிசை ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் ஓலை வாசித்ததும் சூசை ஐயாதான். படித்து முடித்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னையே பார்த்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. நான் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்றும் எங்கள் வீட்டில் ராத்திரிக்கு உப்புமா என்று அம்மா அறிவித்தால், தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஸ்டெல்லா சேர்த்துக்கொள்வாள். சிரிப்பேன். வேறென்ன செய்ய?

அந்த அழைப்பிதழ்களை அம்மா வீணாக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் இத்தனை வருடமும் அதில்தான் மளிகை லிஸ்ட் எழுதுகிறாள். துவரம்பருப்பைத் திருப்பினால் பிரின்சி. நான் கடையில் சாமான் வாங்கிவிட்டு லிஸ்ட்டை மறக்காமல் திரும்ப வாங்கி வந்து பரணில் வைத்துவிடுவேன். போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க ஏறிய ஸ்டெல்லா அந்தக் கட்டோடு இறங்கினாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள்.

"ஏங்க, வாங்கி முடிச்ச லிஸ்ட்டை எவனாச்சும் சேத்து வெப்பானா?"

இப்போதெல்லாம் லிஸ்ட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறேன். தெருமுனை வரை வந்து ஒருதரம் திரும்பிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.